கத்தி இல்லாத வைத்தியமும் என் மச்சானும்

1

எங்கள் அறைக்கு இந்த வாரம் இரண்டு வயது நிறைந்தது. தெற்கு ஜெர்மனியில் ஒரு நகரத்து மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அது. இரைப்பைக்குள் புண் வெடித்து இரத்தம் கசிபவர்களுக்கு, வயிற்றைக் கிழிக்காமல், லேசர் ஒளியைச் செலுத்திக் கசிவை நிறுத்துகிற அறை. தலைமை மருத்துவர் ஒரு கேக் வரவழைத்திருந்தார். அதை வெட்டக் கத்தி தேடியபோதுதான் அறையில் கத்தியே இல்லை என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. செவிலி ஏலியம்மா சமையலறைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்து, "இந்த அறைக்குள் கத்தி நுழைவது இதுதான் முதல் தடவை" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏலியம்மா மலையாளி, கேரளத்துச் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் எழுத்தராக இருந்தவரின் மகள். தோட்டத்தில் வேலை செய்த எங்கள் தமிழர்களிடமிருந்து கற்றுக்கொண்ட தமிழைத்தான் என்னிடம் பேசுவாள். கேக் தட்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார் மட்டும் ஏன் சிரிக்கல? மச்சானுக்கு இப்போ எப்பிடி உண்டு?"

"நன்றாக இருக்கிறாராம்."

"ஆரு சொன்னது?"

"அவரேதான்."

"அப்போ நம்பாண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் தட்டைக் கொண்டுபோனாள்.

பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் எருத்தேன்பதியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதைப் படிக்கப் போகிறவர்கள், அயல்நாட்டில் இருப்பவனுக்கு என்ன குறை இருக்க முடியும் என்று கேட்கக்கூடும். குறையைச் சொல்லுமுன் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

2

நான் மருத்துவன் அல்லன். கோயம்புத்தூரில் இயற்பியல் படித்துவிட்டு ஆய்வுக்காக இங்கே வந்தவன். ஆய்வு முடிந்த பின் இந்த மருத்துவமனை என்னை எடுத்துக்கொண்டது. நோயாளியின் தொண்டையை மரத்துப்போகச் செய்து, விரல் பருமனுள்ள வளையும் குழாய் ஒன்றை வாய்வழியே இரைப்பைக்குள் இறக்குவார்கள். அந்தக் குழாய்க்குள் மயிரிழை போன்ற ஒரு கண்ணாடி இழை போகும். வெளியே ஒரு பீரோ அளவுள்ள கருவியில் பிறக்கும் ஒளியை அந்த இழையின் வாயில் துல்லியமாகக் கொண்டு சேர்ப்பதும், மறுமுனையில் எவ்வளவு வலிமை வந்து சேர்கிறது என்று அளப்பதும் என் பொறுப்பு. மருத்துவர் குழாயின் வழியே பார்த்துக் காலால் ஒரு மிதியை அழுத்துவார். இரத்தம் பீறிடும் இடம் வெளுத்துச் சுருங்கி அடைபட்டுவிடும். நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார். சிலர் மறுநாளே ரொட்டி கேட்பார்கள்.

புண்ணைச் சுடுகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. எங்கே படப்போகிறது என்று காட்டுவதற்காக மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சத்தை அதோடு சேர்த்து அனுப்புகிறோம். பார்க்க வருகிறவர்கள் அந்தச் சிவப்புப் பொட்டுத்தான் வைத்தியம் என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஏழு வயதாகும் என் மகள் உமாவும் அப்படித்தான் பள்ளியில் சொல்லியிருக்கிறாள்: அப்பா மனிதர்களின் வயிற்றுக்குள் சிவப்பு விளக்கு வைக்கிறார். நான் தமிழில் திருத்த முயன்றேன். கேட்டுவிட்டு, "இது டாய்ச்சில் சொன்னால்தான் புரியும்" என்று அவள் ஜெர்மன் மொழியிலேயே சொன்னாள்.

இந்த ஒளியின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது கசிவை நிறுத்தும், புண்ணைக் குணமாக்காது. கசியாத புண்ணுக்கு இதனால் செய்யக்கூடியது எதுவுமில்லை. என் குடும்பத்துக்கு இந்த ஒரு வாக்கியத்தை விளங்கவைக்க என்னால் இயலவில்லை.

3

என் அக்காள் தெய்வாத்தாளின் கணவர் நாச்சிமுத்து. எனக்கு மச்சான்; நான் அவருக்கு மாப்ள. எருத்தேன்பதியில் தென்னையும் நிலக்கடலையும் பயிரிடுகிறவர். அவருக்கு வெகுநாளாகக் குடற்புண் உண்டு. சென்ற ஆண்டு ஐப்பசியில் கிணற்றடியில் இரத்த வாந்தி எடுத்து விழுந்தார். பாலக்காட்டில் சேர்த்து, இரத்தம் ஏற்றி, பத்தியம் சொல்லி அனுப்பினார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தும் கொடுத்தார்கள். அந்த நாளில் அவர் போகவில்லை. "மாப்ள கிட்டச் சொல்லு. அவரு ஊர்ல கத்தியே வெக்கறதில்லையாமா" என்று சொன்னதாக அக்காள் எழுதியிருந்தாள்.

எங்கள் தலைமை மருத்துவரிடம் போனேன். இரக்கமுள்ள மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"இப்போது இரத்தம் கசிகிறதா?"

"இல்லை. நின்றுவிட்டது."

"அப்படியானால் இங்கே வந்து என்ன செய்வார்? உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, அழகான புண் என்று சொல்லி, அறுவை மருத்துவரிடம்தான் அனுப்புவேன். அதை உங்கள் ஊர் மருத்துவர்கள் எங்களைவிட அதிகமாகச் செய்கிறார்கள்."

"மறுபடி கசிந்தால்?"

"இரத்தம் கசிகிற ஒருவரை விமானத்தில் ஏற்ற முடியுமா?"

ஆக, கசியும்போது மச்சான் வர இயலாது. வர இயலும்போது அவரிடம் கசிவு இருக்காது. இவ்வளவு தெளிவாக அடைக்கப்பட்ட கதவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனாலும் மனம் கேட்காமல் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் முதலில் உறவைக் கேட்டார். அக்காள் கணவர் என்றேன். அது நெருங்கிய உறவு ஆகாது என்றார். எங்களிடம் அதைவிட நெருங்கிய உறவு குறைவு என்று விளக்கத் தொடங்கினேன். என் ஜெர்மன் அந்த இடத்தில் தடுமாறி, அவர் என் மனைவியின் முன்னாள் கணவர் என்பதுபோல ஏதோ பொருள் வந்துவிட்டது. அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அடுத்த நாற்காலியில் காத்திருந்த துருக்கியர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் ஏலியம்மாவோடு படித்த பெண்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. பல ஆண்டுகள் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கே இடமில்லை என்கிற ஊரில், ஒரு வயிற்றுப் புண்ணுக்கு இடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மச்சானை இங்கே அழைப்பதை அன்றோடு விட்டேன். பாலக்காட்டு அறுவை மேசைக்கு அவரை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, நெருக்கடி நிலை முடிந்ததற்கு அடுத்த பொங்கலுக்கு மகளோடு ஊர் வந்தேன்.

4

மச்சான் பேருந்து நிற்கும் கொழிஞ்சாம்பாறைக்கே வந்து காத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பெட்டியைத் தூக்கப் போனவரை நான் தடுக்க, அவர் என்னைத் தடுக்க, கடைசியில் பெட்டி வண்டிக்காரரிடம் போயிற்று.

உமா அவரைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, "நீ சாப்பிட்டாயா மாமா?" என்று கேட்டாள். 'நீங்கள்' என்பதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க மாப்ள, உங்க புள்ள என்னைய 'நீ'ங்கறா பாருங்க. எங்கூட்டு எருமகூட எனக்கு மருவாதி குடுக்குது!"

மறுநாளே பாலக்காட்டு மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். மலையாளி, என் வயதுதான் இருக்கும். லேசர் பற்றி நிறையக் கேட்டார், பொறாமை இல்லாமல். "மின்சாரம் எவ்வளவு வேண்டும்? குளிர்விக்கத் தண்ணீர்?" நான் சொன்னேன். "சாயங்காலம் இங்கே டியூப்லைட்டே கண் சிமிட்டும்" என்று சிரித்தார். பிறகு, "உங்கள் ஒளி இரத்தத்தை நிறுத்தும். என் கத்தி புண் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் மச்சானுக்கு வேண்டியது கத்திதான். சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். கசிந்த பிறகு கொண்டுவந்தால் அப்போது நான் வேறு மருத்துவன், பிழைப்பார் என்று சொல்ல மாட்டேன்" என்றார்.

அது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது. என்றாவது அந்தக் கருவி ஒன்றைச் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாணவனாக இருந்தபோது எண்ணியிருந்தேன். ஒழுங்கான மின்சாரமும், குளிர்ந்த நீரும், உடைந்த இழையை மாற்ற ஆளும் இல்லாத இடத்தில் அது ஒரு பெரிய பீரோவாகத்தான் நிற்கும். நல்ல கத்தியும் தேர்ந்த கையும் மாநில எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கமே இருந்தன. மச்சான் போக வேண்டியதுதான் பாக்கி.

தென்னந்தோப்பில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளி எதற்கு, கத்தி எதற்கு, ஏன் நான் அவரை அழைத்துப்போக இயலாது என்று நிலத்தில் கோடு கிழித்தே காட்டினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"செரீங்க மாப்ள. உங்களுக்கு எப்ப ஆகுதோ அப்பக் கூட்டிட்டுப் போங்க. நா அவசரப்படுத்தல."

"மச்சான், எனக்கு ஆகவே ஆகாது என்கிறேன். கத்திக்குப் பயப்படுகிறீர்களா?"

"கத்திக்கா?" வேட்டியை விலக்கித் தொடையில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினார். "பன்னி கிழிச்சது. மருந்து குத்தாமத் தெச்சாங்க. வலிக்குதான்னு கேட்டதுக்கு, சீக்கிரம் தெய்யுங்க, மடை மாத்தோணும்னேன்."

"பிறகு என்ன?"

மண்வெட்டியால் ஒரு மடையை மாற்றிவிட்டார். பிறகு சொன்னார்: "பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனா உங்க சித்தப்பா ஊட்டுலதான் சாப்புடுவேன். ஒருக்கா ஊடு பூட்டிக் கெடந்துச்சு. பட்டினியாவே பஸ் ஏறுனேன். ஒறமொறை இருக்கற ஊர்ல ஓட்டல்ல கை நனைச்சா உங்க சித்தப்பாவுக்கு என்னங்க பேரு? அது மாதிரித்தான் இதும். மச்சினன் கத்தியில்லா வைத்தியத்துலயே உக்காந்திருக்காரு, அக்கா புருசன் எவங்கிட்டயோ போயி வகுத்தக் காட்டுனான்னா, ஊரு உங்களைத்தானுங்க பேசும்."

எனக்காகத்தான் காத்திருந்தார். அதற்கு முன் நான் எண்ணியிருந்த காரணங்களில் இது இல்லை. அவர் என்னை நம்பினார் என்பதைவிட, என் பெயரைத் தன் வயிற்றைவிட மேலாக வைத்திருந்தார் என்பதே உண்மை. வாதத்தால் இதை எப்படி அசைப்பது?

5

வழி சொன்னவள் அக்காள். மாட்டுக்குப் புண்ணாக்கு கலக்கியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"கண்ணு, நீ முடியாதுன்னு பக்குவமாச் சொன்னா அந்த மனுசனுக்கு ஏறாது. கூட்டிட்டுப் போகமாட்டேன்னு மொகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லு. நாலு பேரு முன்னால சொல்லு. ரோசம் வந்தாத்தான் போவாரு. நீ என்ன எனக்குப் பாக்கறது, நானே போறேன்னு அந்த ஆங்காரத்துலயே வண்டி கட்டுவாரு."

"அதன்பிறகு என்னோடு பேசமாட்டாரே அக்கா."

"பேசாட்டிப் போகுது. இருந்துட்டுப் பேசாம இருக்கட்டும்."

ஒரு நாள் முழுவதும் இதை எடைபோட்டேன். உறவு போகும், உயிர் நிற்கும். மருத்துவர் சொன்னது நினைவிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

பட்டிப் பொங்கலன்று மாட்டுப் பட்டியிலேயே பொங்கி, பங்காளிகளும் ஒறம்பரை என்கிற உறவினர்களும் அங்கேயே வரிசையாக அமர்ந்து உண்பது எங்கள் பக்கத்து வழக்கம். மச்சானுக்கு மட்டும் அக்காள் பால் விட்டுக் குழைத்த சோறு வைத்திருந்தாள். யாரோ ஒருவர், "என்னுங் மாப்ள, மச்சானை எப்ப ஏரோப்ளேன்ல ஏத்தப் போறீங்க?" என்று கேட்டார். அதுதான் தருணம்.

"ஏற்றப் போவதில்லை" என்றேன். "எனக்கு அங்கே ஆயிரம் வேலை. அக்காள் கணவர், மாமன், பங்காளி என்று எல்லோரையும் சுமந்துகொண்டு போக நான் சத்திரம் நடத்தவில்லை. வேண்டியவர்கள் பாலக்காட்டுக்குப் போகட்டும்."

அக்காள் பானையருகே கரண்டியோடு நின்றாள். மச்சான் எழுந்துவிடுவார், இலையை மடக்குவார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தானே சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என் வாயிலிருந்து விழுந்ததை மற்றவர்கள் மிதித்துவிடாமல் எப்படி எடுத்து மறைப்பது என்று அவசரமாக யோசிக்கிறவரின் முகம் அது.

"அட, அவரு கோவத்துல பேசறாருங்க" என்று சிரித்தார். "வா வான்னு பத்து நாளாக் கூப்புடறாரு. நாந்தா வல்லைன்னுட்டேன். எனக்கென்ன? வகுறு எப்பவோ செரியாப் போச்சு. இந்தா, தெய்வாத்தா, இந்தப் பால்சோத்த எடு. கொழம்பு ஊத்து!"

"வேண்டாமுங்க…"

"ஊத்துங்கறேன்."

அக்காள் ஊற்றினாள். மிளகாய் மிதக்கும் பூசணிக் குழம்பு. அவர் பிசைந்து பிசைந்து உண்டார். நெற்றி வியர்த்தது. மறுபடி கேட்டு வாங்கினார். "பாத்தீங்களா?" என்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். ஒருவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்து, பேச்சு மாட்டு விலைக்குப் போயிற்று.

அன்று மாலை பாலக்காட்டுக்கு வண்டி கட்டும் பேச்சை நானே எடுத்தேன். அவர் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "இனி எப்படிங்க மாப்ள? செரியாப் போச்சுன்னு சொல்லிட்டேன். இப்பப் போயிப் படுத்தா, மச்சினன் தள்ளிவுட்டதாலதான் போனான்னு ஆகிப்போகுமுங்க."

ஒரு கதவைத் திறப்பதற்காக மற்றொன்றை உதைத்தேன். இரண்டும் சாத்திக்கொண்டன.

6

திரும்பி வந்த பின் வாழ்க்கை அதன் தடத்தில் போகிறது. காலையில் இழையின் முனையைத் துடைக்கிறேன், வலிமையை அளக்கிறேன். உமா வீட்டில் தமிழ் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்கிறேன், அவள் டாய்ச்சில் பதில் சொல்கிறாள். போன வாரம் ஒரு முதிய ரொட்டிக்கடைக்காரரைக் கொண்டுவந்தார்கள். முகம் மச்சானுடையதைப் போலவே சாம்பல் நிறம். மிதி சில தடவை அழுந்தியது, கசிவு நின்றது. அவர் தன் மனைவியிடம் சொன்ன முதல் சொல் அடுப்பைப் பற்றியது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணமில்லை என்று தெரிந்தும் வந்தது.

மச்சானிடமிருந்து மாதம் ஒரு கடிதம், அக்காள் கையெழுத்தில். நலம், நலமே, மழை போதாது, நலம். ஏலியம்மா சொன்னதற்குப் பின் பொறுக்க முடியாமல் தொலைபேசிக்குப் பதிவு செய்தேன். கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கொப்பரை மண்டியில் தொலைபேசி உண்டு. அவர்களை அங்கே வரச்சொல்லித் தந்தி அனுப்பியிருந்தேன். நேற்று, காத்திருந்து காத்திருந்து, இணைப்புக் கிடைத்தது.

"ஏனுங்க மாப்ள! நல்லா இருக்கீங்களா! நல்லா இருக்கேனுங்க!" மச்சான் கத்தினார். மண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பின்னால் தராசுத் தட்டுகளின் ஓசை. "அங்க குளுருங்களா? இங்க பாருங்க, எல்லாரும் உங்களைக் கேக்கறாங்க!"

அக்காளிடம் கொடுங்கள் என்றேன். அவள் பேசியது காற்றைப் போல இருந்தது.

"கண்ணு, மறுக்காவும் கறுப்பாப் போகுது. தாரு மாதிரி. எந்திரிச்சா கண்ணக் கட்டுதுங்கறாரு."

கறுப்பாகப் போவது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அவளுக்கும் அது தெரியும். ஐப்பசியில் அப்படித்தான் தொடங்கியது.

"அக்கா, வீட்டுக்குப் போக வேண்டாம். அங்கேயே ஒரு கார் பிடித்து நேரே பாலக்காட்டுக்குப் போங்கள். இப்போதே."

"எப்படிச் சாமி? மண்டில இருக்கறவங்களுக்கெல்லாம் காப்பி சொல்லிட்டு நிக்கறாரு. மாப்ள சீமைல இருந்து கூப்புட்டுப் பேசறாருன்னு அத்தன சந்தோசம். டம்ளரைப் புடிக்கவே முடியல. சிரிச்சுட்டு நிக்கறாரு."

மண்டிக்காரரிடம் கொடு என்று நான் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி பதிவு செய்தேன், கிடைக்கவில்லை. இதை எழுதும் இந்த நேரம்வரை கிடைக்கவில்லை.

மச்சானை உடனே மருத்துவமனையில் சேர்க்கும்படி தந்தி அனுப்பியிருக்கிறேன். அது ஆங்கிலத்தில் போகும். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிப்பவர் இல்லாததால் மண்டியிலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது உரக்கப் படித்துத் தமிழில் சொல்வார்கள். நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் தான் நலமாக இருப்பதாக மச்சான் மறுபடியும் சொல்லியாக வேண்டியிருக்கும். இதை எண்ணிப் பார்க்காமல் நான் அனுப்பவில்லை. அனுப்புவதற்கு வேறொன்றும் என்னிடம் இல்லை.